உட்காராத மருமகள்

சலவைக்கூடத்தில் அவளுக்குச் சுருக்கம் என்று பெயர். பட்டப்பெயர்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற கூடம் அது. தேய்ப்பதற்கு அங்கே ரோலர் என்று ஒரு இயந்திரம். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து, ஒரே இழுப்பில் விறைப்பாக்கி, சுடச்சுட உருளும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் தளர்த்தினாலும் துணி மடிந்து உள்ளே போய்விடும். அதை அவள் பொறுக்கமாட்டாள். "சுருக்கம்" என்பாள், விரிப்பை உருவுவாள், மறுபடி கொடுப்பாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருகிற சொல் அது ஒன்றுதான். பேச்சிலும் ஆள் சுருக்கம். பெயர் ஒட்டிக்கொண்டது.

ரோலரின் மறுமுனையைப் பிடிப்பவளுக்குக் கொட்டாவி என்று பெயர். இவளுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். பேச்சுக்கு நடுவே வாய் பிளந்து கொட்டாவி விடுவாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசுவாள். சுருக்கம் காது கொடுப்பாள், கொட்டாவி வாய் கொடுப்பாள் என்று மேஸ்திரி கேலி செய்வார். வருஷக்கணக்காக அந்த ஜோடி அப்படித்தான் ஓடியது.

சுருக்கத்தின் வீடு ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. முன்னறை, படுக்கையறை, சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோய் ஆள் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தார்கள். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் மாமியார்.

மாமியார் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் நேராக அங்கேதான் போய் நிற்கிறார்கள். வாய் ஓயாதவள், அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழாமலே வீட்டை நடத்துவாள். "பால் பொங்குது பாரு." "ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதே." "கதவு திறந்து கிடக்கு." "துணி காஞ்சிருக்கும், எடு." கோபமும் இருக்காது, கொஞ்சலும் இருக்காது. மின்விசிறி சுற்றுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடும். சுருக்கம் "சரிங்க அத்தை" என்பாள், செய்வாள்.

இளைய மகன் வீட்டில் பிரசவம் வந்தது. கூடமாட உதவிக்கு மாமியார் கிளம்பிப் போனாள். போன மறுநாள் வேலையில் விடுப்பு. கணவனை அனுப்பிவிட்டு, ஒரு டம்ளர் தேநீரோடு சுருக்கம் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது.

"பால் பொங்குது பாரு."

டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. அதன் மேல் பாத்திரமே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. காது பழகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலையும் கேட்டது. மறுநாளும் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற அதே தூரம், அதே குரல், வாக்கியத்தின் கடைசியில் மூச்சு விடுகிற அதே சத்தம். அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா கொஞ்சமும் பதறவில்லை. "எனக்கும் என் மாமியார் போனப்புறம் ரொம்ப நாள் அவங்க கூப்பிடற மாதிரியேதான் இருந்துச்சு. வீட்டுக்கு வீடு வாசப்படி. பெரியவங்க குரல் வீட்ல கேக்கறது நல்லதுதான்டி. சொல்றதைக் கேட்டுக்கிட்டு இரு."

வேறொரு மாதிரி வீட்டில் வளர்ந்தவளாக இருந்தால், ஆளில்லாத அறையிலிருந்து பேச்சு வந்த அன்றே அலறி ஓடியிருப்பாள். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டிருப்பாள். சுருக்கத்துக்கு அது அலறுகிற விஷயமாகவே படவில்லை. பிறந்த வீட்டில் அப்பா, புகுந்த வீட்டில் மாமியார், வேலையில் மேஸ்திரி என்று யாரோ ஒருவர் குரலுக்கு எழுந்து, யாரோ ஒருவர் குரலுக்குப் படுத்து வளர்ந்தவள். முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற பேச்சைத் திரும்பிப் பார்த்துக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. யார் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. சொன்னதைச் செய்ய வேண்டும். செய்தாள்.

குரல் விடியலில் எழுப்பியது. அடுப்பைத் துடைக்கச் சொன்னது. துடைத்ததும் "அதுவா துடைக்கிற லட்சணம்?" என்றது. மறுபடி துடைத்தாள். பிறகு மாமனாரும் வந்தார். அவர் அவளுடைய கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவர். அவர் குரலை அவள் கேட்டதே இல்லை, சுவரில் படமாகத்தான் தெரியும். அவர் பேசவும் இல்லை. செருமுவார். ஆண்கள் அறைக்குள் நுழையுமுன் தொண்டையைச் செருமி, உள்ளே இருக்கிற பெண்களை எழுந்து நிற்கவைப்பார்களே, அந்தச் செருமல். சுருக்கம் உட்காரப் போனால் அது கேட்கும். எழுந்துவிடுவாள். நின்றுகொண்டே காய் நறுக்கினாள், நின்றுகொண்டே துணி மடித்தாள். பேருந்தில் இடம் கிடந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றாள்.

வீடு பளபளத்தது. கணவன் மாலையில் வந்து பார்த்து மலைத்துப்போனான். "அம்மா இல்லாதப்பதான் நீ இன்னும் நல்லா வெச்சிருக்கே" என்றான். அவனுடைய அக்கா ஒரு நாள் வந்தாள். அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள், வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் முன்னறையில் இருந்தவரை சுருக்கம் ஒரு நொடி உட்காரவில்லை. "உன் அத்தையைப் பாத்துக் கத்துக்கோ" என்று மகளிடம் நாத்தனார் போனிலேயே சொன்னாள். "உட்காராத மருமக. தேடினாலும் கிடைக்காது." பேச்சு உறவெல்லாம் பரவியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அப்படிப் புகழ்ந்ததில்லை. சுருக்கத்துக்கு உள்ளூர மகிழ்ச்சியாகவும் இருந்தது, மூச்சுமுட்டவும் செய்தது. சொல் தட்டாமல் இருந்தால் நல்ல பெயர். நல்ல பெயர் வந்தபின் சொல்லைத் தட்ட முடியாது.

சாப்பாட்டில்தான் அது முற்றியது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது அவள் வழக்கம். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை, அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். இப்போது தட்டில் கை வைக்கும்போதெல்லாம் குரல் கேட்டது: "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" ஆச்சு என்று மனதுக்குள் சொல்வாள். "இன்னும் ஒரு ஆள் பாக்கி" என்று பதில் வரும். அந்த ஒரு ஆள் யார் என்று தெரியாது. தட்டை மூடி வைப்பாள். சலவைக்கூடத்திலும் அதே கதைதான். மதியம் எல்லோரும் வட்டமாகச் சாப்பிடும்போது யாராவது ஒருத்தி ரோலரடியில் இருப்பாள், அல்லது கழிப்பறையில் இருப்பாள். பாக்கி ஆள். இடைவேளை முடிந்துவிடும், டப்பா திறக்காமல் வீட்டுக்குத் திரும்பும்.

"விரதமா?" என்று கேட்டாள் கொட்டாவி.

"பசியில்ல."

"பசி இல்லாத மூஞ்சியா இது? கன்னத்துல தண்ணி ஊத்தினா ஒரு டம்ளர் நிக்கும்போல இருக்கு."

கூடத்தில் கறை என்றொரு புதுச் சிக்கலும் வந்தது. வெள்ளை விரிப்பை விரித்துப் பிடித்ததும் குரல் சொல்லும்: "ரத்தம் பாரு. கண்ணு தெரியலையா?" சுருக்கம் துணியைக் கழித்துத் துவைக்கிற பக்கம் போட்டுவிடுவாள். ஆரம்பத்தில் மேஸ்திரிக்குப் பெருமைதான். பிறகு பார்த்தால் தேய்க்கவேண்டிய விரிப்பெல்லாம் துவைக்கிற பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. கொட்டாவி ஒரு விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "எங்கக்கா கறை? காட்டு."

சுருக்கம் ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. கொட்டாவி பதில் சொல்லுமுன், சுருக்கம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே தோளுக்குப் பின்னால் திரும்பாமலே, "சரிங்க அத்தை, போட்டுடறேன்" என்றாள்.

கொட்டாவிக்கு வாய் பிளந்தது. கொட்டாவி மட்டும் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் மாமியார் திரும்பி வந்தாள். கதவைத் திறந்த மருமகளைப் பார்த்ததும் கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கால்கள் மட்டும் நின்று நின்று வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தன.

"என்னம்மா இது கோலம்? உட்காரு முதல்ல. உட்காரு. சாப்பிட்டியா?"

அதே நொடியில் அதே குரல் பின்னாலிருந்து, "உட்காராதே. அவளை நம்பாதே" என்றது.

சுருக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரே குரல் இரண்டு வாயிலிருந்து வருகிறது. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை மீற வேண்டும். எதிரே நிற்கிற கிழவி உட்காரச் சொல்கிறாள். இத்தனை வருஷத்தில் அத்தை ஒருநாளாவது உட்காரச் சொன்னது உண்டா? அப்படியானால் இது அத்தை இல்லை.

மாலையில் கணவன் வந்ததும் அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய் மெல்லச் சொன்னாள். "என்னங்க, வந்திருக்கறது உங்க அம்மா இல்ல. அவங்க மாதிரியே இருக்காங்க. நீங்க ஜாக்கிரதையா இருங்க."

அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாரும் வந்து சேர, முன்னறையில் கூடிப் பேசினார்கள். சுருக்கம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். டாக்டர் என்ற சொல்லை மாமியார்தான் முதலில் எடுத்தாள். நாத்தனார் அதைப் பாதியிலேயே வெட்டினாள்.

"எந்த டாக்டர்? பைத்தியக்கார டாக்டரா? அங்க வரிசைல நின்னா நாலு பேர் பாக்கமாட்டாங்களா? அடுத்த மாசம் என் பொண்ணைப் பாக்க வர்றாங்க. குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னா எவன் கட்டுவான்?"

"அவ நம்ம ரத்தம் இல்லையேடி" என்றாள் மாமியார்.

"ஊருக்கு அதெல்லாம் தெரியுமா? காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும். கொஞ்ச நாள் வெளிய விடாதீங்க. ஓய்வெடுத்தா தானா சரியாயிடும்."

கணவன் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்றான். வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போனான். லிஃப்ட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களை மேலே நின்று தைரியம் சொல்லி வெளியே இழுப்பதுதான் அவன் பிழைப்பு. பூட்டைத் திருகும்போது அது அவனுக்கு உறைத்ததா என்று தெரியாது. திருகிவிட்டு, இழுத்தும் பார்த்துவிட்டுப் போனான்.

உள்ளே இரண்டு பெண்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே அந்தக் குரல்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு செய்ய ஒன்றும் இல்லை. மருமகள் அடுப்பைத் துடைத்தாள், கழுவினாள், மறுபடி துடைத்தாள். துடைக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்தாள். சில நாளில் முணுமுணுப்பு வெளியே வந்துவிட்டது. குரல் சொல்வதை அவளே திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். "அதுவா துடைக்கிற லட்சணம்? உங்க அம்மா இதைத்தான் கத்துக்கொடுத்தாளா? வயித்துல ஒண்ணும் தங்கல, வேலையாவது உருப்படியா செய்."

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். தன் குரல் அது. தன் இழுப்பு, தன் மூச்சு.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"தினமும் சொல்றீங்க."

"எப்போடி சொன்னேன்?"

சுருக்கம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் யோசித்துப் பார்த்தாள். கடைசியில் வந்த அந்த வயிற்றுப் பேச்சை ஒரு முறை சொல்லியிருந்தாள், கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரி எதிரில். சொல்லிவிட்டு அன்றே மறந்தும் போயிருந்தாள். மற்ற பேச்செல்லாம்கூடப் பாதி அவளுடையது, பாதி அவள் பேசியே இராதது. எது எந்தப் பாதி என்று அவளுக்கே பிடிபடவில்லை. "என்னைப் பேயாக்கி வெச்சிருக்கா" என்று மகனிடம் ஒரு நாள் கத்தினாள். மறுநாளிலிருந்து வாயே திறக்கவில்லை. பேசினால் அதுவும் அந்தக் குரலுக்குத் தீனியாகிவிடுமோ என்று பயம். தண்ணீர் வேண்டுமென்றால் சைகை காட்டினாள். அப்படியும் பிரயோஜனமில்லை. அவள் வாயை மூடியிருக்கும்போதுதான் மருமகளுக்குக் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

கொட்டாவி ஒரு மதியம் நலம் விசாரிக்க வந்தாள். கதவில் பூட்டு. திரும்பப் போனவள், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு மாடி நடையோரம் இருந்த ஜன்னலைத் தட்டினாள். மாமியார் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"காய்ச்சலுக்கு எதுக்கும்மா வெளியில பூட்டு?"

மாமியார் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் நாள்கணக்காகப் பேசாதிருந்த வாய். எல்லாம் கொட்டிவிட்டது. கொட்டாவி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"என் அண்ணனுக்கும் இது இருந்துச்சு" என்றாள் கடைசியில். "வெளிநாட்டுல ஒரு குடோன்ல காவல் வேலை. தனியா ஒரு அறை, சுத்தி கேமரா. அவனுக்குச் சொந்தக்காரங்க யாரும் பேசல. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கேமராவுக்குள்ள இருந்து பேசினானாம். 'உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கேன், வெட்டுவேன்'னு. அவன் பயந்து உடனே ஓடினான், போலீஸ் பிடிச்சு ஆஸ்பத்திரில போட்டாங்க. அதனால பொழச்சான். அக்காவுக்கு அடுப்பைத் துடைன்னுல்ல கேக்குது? யாருக்கும்மா சந்தேகம் வரும்? எனக்கே நாளாச்சு."

"சரியாச்சா உங்க அண்ணனுக்கு?"

"மாத்திரை போடறான். மளிகைக் கடைல நிக்கறான். கேமரா இருக்கற கடைப்பக்கம் மட்டும் போகமாட்டான்."

அன்று மாலை மகன் பூட்டைத் திறந்து உள்ளே வந்தபோது மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி."

"அக்கா என்ன சொன்னான்னா..."

"உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். என் குரலை வெச்சுக்கிட்டு ஒண்ணு இவளைக் கொன்னுக்கிட்டு இருக்கு. அதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாக்கணுமா?"

டாக்டர் நடுவயதுப் பெண். வெளியே நீண்ட வரிசை. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

"குரல் என்னம்மா சொல்லுது?"

"அடுப்பைத் துடைன்னு சொல்லும். விளக்கை அணைன்னு சொல்லும். எல்லாரும் சாப்பிட்டதும் சாப்பிடுன்னு சொல்லும்."

"வீட்ல வேற யாராவது அப்படிச் சொல்வாங்களா?"

"எல்லாருமே சொல்வாங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்ப எதை யார் சொல்றாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிச்சு என்ன பண்ணணும் டாக்டர்? செய்யத்தானே வேணும்?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். "இதெல்லாம் என்னாலதானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இது மூளைல வர்ற நோய். நோய்க்குன்னு சொந்தமா பேச்சு கிடையாது. இருக்கற வீட்லேருந்து எடுத்துக்கும். நீங்க ஊமையா இருந்திருந்தா வேற யார் குரலையாவது எடுத்திருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னது என்று மாமியாருக்குத் தெரிந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மாத்திரை கொடுத்தார். முதலில் தூக்கம்தான் வந்தது. பிறகு குரல் கொஞ்சம் தள்ளிப்போனது, பக்கத்து அறையிலிருந்து மாடிப்படிக்கு. செருமல் நின்றது. தட்டில் கை வைக்க முடிந்தது. எதிரில் இருப்பது அத்தைதான் என்று ஒரு காலையில் தானாகவே தெளிந்தது. அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் யார் பேசினாலும் அவள் எதிரில் வந்து முகம் காட்டிப் பேச வேண்டும். முகம் தெரியாமல் வருகிற பேச்சுக்கு அவள் பதில் சொல்லத் தேவையில்லை.

நாற்காலியிலிருந்தே ராஜ்யம் நடத்தியவள் அதற்குப் பிறகு எழுந்து நடக்க வேண்டியதாயிற்று. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட முழங்கால் வலியோடு சமையலறைக்கு வந்து, மருமகள் முன்னால் நின்று, "நான்தான். தண்ணி வேணும்" என்பாள். வந்த பிறகு பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தானே எடுத்துக் குடித்துவிட்டுப் போவாள். கணவன் மட்டும் அடிக்கடி மறந்துவிட்டுப் படுக்கையறையிலிருந்து சட்டையைக் கேட்பான். பதில் வராது. முனகிக்கொண்டே எழுந்து வருவான்.

ஒரு பிற்பகல். கணவன் வேலைக்குப் போயிருந்தான். வெளிப்பூட்டு இப்போது இல்லை. மாமியார் குளிக்கப் போனாள். கதவின் தாழ்ப்பாள் பழசு, துருவேறியது. போடும்போது விழுந்தது, எடுக்கும்போது அசையவில்லை. இழுத்தாள், திருகினாள். அசையவே இல்லை. காற்றுப்போக்கி ஒன்றைத் தவிர வேறு திறப்பில்லாத அறை, அதற்குள் வெந்நீரின் ஆவி.

"இந்தாம்மா! கதவு மாட்டிக்கிச்சு! வந்து திற!"

சுருக்கம் சமையலறையில் நின்றிருந்தாள். கேட்டது. முகம் தெரியாத பேச்சு. அவள் அசையவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"காது கேக்கலையா? கதவைத் திறடி!"

இத்தனை நாள் தூரத்தில் கிடந்தது மறுபடி கிட்டே வந்துவிட்டது என்று நினைத்தாள். குளியலறைக் கதவுவரை போய் நின்றாள். கதவுக்கு முகம் இல்லை.

"நான்தான்மா! நிஜமா நான்தான்!"

"அதுவும் அப்படித்தான் சொல்லும்" என்றாள் சுருக்கம், கதவைப் பார்த்து.

உள்ளிருந்து கதவை அறைகிற சத்தம். பிறகு திட்டு. சுருக்கம் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். திட்டு அவளுக்குத் தெரிந்த திட்டு. திட்டத் திட்டச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. போய்த் திறந்தால், குரலுக்குக் கட்டுப்பட்டவளாகிவிடுவாள். மறுபடி அடுப்பு, மறுபடி கறை, பாக்கி ஆள். திறக்காவிட்டால்? இரண்டு பக்கமும் சுவராக இருந்தது.

திட்டு ஓய்ந்தது. கிழவி தரையில் உட்கார்ந்துவிட்டாள் போல, குரல் கீழிருந்து வந்தது. மெலிந்து, மூச்சிரைத்து, யாரிடம் என்றில்லாமல்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

சுருக்கம் பொத்திய கையை எடுத்தாள். அந்தக் குரல் எத்தனையோ சொல்லியிருக்கிறது. ஏவியிருக்கிறது, ஏசியிருக்கிறது, மிரட்டியிருக்கிறது. தனக்குப் பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கட்டிலுக்கடியில் கணவனின் பழைய கருவிப்பெட்டி கிடந்தது. சுத்தியலை எடுத்து வந்து தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைப் பார்த்து அடித்தாள். மரம் பிளந்தது. மறுபடி அடித்தாள். கதவு உள்பக்கமாகத் திறந்து பாதியில் நின்றது. இடுக்கில் ஈரத் துண்டும், வெளுத்த முகமும் தெரிந்தன. சுருக்கம் சுத்தியலோடு குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். வாய் அசைகிறதா, பேச்சு அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாடி கத்தறேன்! உனக்குக் கல்லா நெஞ்சு?" என்று வெடித்தாள் மாமியார். வெடித்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்பத் திட்டினது நீங்கதானே அத்தை?"

"நான்தான்டி. நானேதான்."

சுருக்கம் கை கொடுத்தாள். கிழவி அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். இருவரும் முன்னறைக்கு வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். மாடிப்படிப் பக்கமிருந்து குரல் ஏதோ சொன்னது. சுருக்கம் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளியலறைக் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஒரு திரை தொங்குகிறது. நாத்தனார் மகளின் கல்யாணம் நடந்தது. சுருக்கத்தைப் போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வரச்சொல்லியும் யாரும் வற்புறுத்தவில்லை. உறவுக்காரர்கள் பார்க்க வந்தால், குண்டாகி, மெதுவாக நடந்து, கேட்டதற்கு நேரம் கழித்துப் பதில் சொல்கிறவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். "முன்ன எப்படிச் சுறுசுறுப்பா இருந்தா! உட்காரவே மாட்டாளே" என்கிறார்கள். அப்படி ஒருவர் சொல்லிப்போன ஒரு வாரம் அவள் மாத்திரையை விழுங்காமல் ஜன்னல் வழியே போட்டிருக்கிறாள். அடுப்பு பளபளக்கத் தொடங்கியதும் மாமியார் கண்டுபிடித்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் மேஸ்திரி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ரோலரில் இல்லை. மாத்திரையில் கை நடுங்குகிறது, சூட்டில் கை போனால் ஆபத்து. தலையணை உறை மடிக்கிற மேஜையில் இருக்கிறாள். கொட்டாவிக்கு ரோலரில் புது ஜோடி வந்திருக்கிறாள், அவளும் வாயாடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதில் விரிப்பு மடிந்துபோகிறது. சுருக்கம் தூரத்திலிருந்து பார்த்து ஒன்றும் சொல்வதில்லை.

குரல் முழுக்கப் போகவில்லை. போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. குரல் அடங்கியிருக்கிற நாட்கள்தான் அவளுக்கு அதிகக் கஷ்டம். அதை வெளியில் சொன்னால் யாருக்கும் புரியாது. கொட்டாவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். காலையில் கண் விழித்தால் எதை முதலில் செய்வது என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. வெளியிலும் யாரும் சொல்வதில்லை, மாமியார் ஏவுவதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள் காலையில் சமையலறைக்குப் போய் நின்றாள். மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து எதிரில் நின்றாள்.

"அத்தை, இன்னைக்கு என்ன சமைக்க?"

"உனக்கு என்ன வேணுமோ அதைச் செய்யும்மா."

சுருக்கம் கூடையைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு இருந்தது, முட்டைக்கோஸ் இருந்தது, கொஞ்சம் கீரை வாடிக்கிடந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள், வைத்தாள். மாமியார் பொறுமையாகக் காத்திருந்தாள். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேடைமேல் ஏறிவிட்டது.

"எனக்கு என்ன வேணும்னு தெரியல அத்தை. நீங்களே சொல்லிடுங்களேன்."

மாமியார் வாயைத் திறந்தாள். சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் அந்தக் கூடையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.